மிதிபலகையில் ஒரு கால்

1. நேரம் எங்கே இருக்கிறது?

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தொழிற்சாலை கேட்டுக்கு மேலே புதிதாக ஒரு பெனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'நேரம் உன் மனதில் இருக்கிறது' என்று மஞ்சள் எழுத்தில் அதில் இருந்தது. காலையிலேயே கட்டவேண்டிய பெனர். ஏணி வைத்திருந்தவன் மத்தியானம்தான் வந்து சேர்ந்தான். அவன் மனதில் நேரம் எந்தப் பக்கம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மாத்தளை டவுணைத் தாண்டி உக்குவளைப் பக்கம் போகிற ரோட்டில் இருக்கிற மசாலாத் தொழிற்சாலை அது. மிளகு, கராம்பு, ஏலம், சாதிக்காய் எல்லாம் சாக்கில் வரும். பெண்கள் நீள மேசையில் கொட்டித் தூசு தும்பு பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். அதற்கு சோர்ட்டிங் என்று பெயர். சோர்ட்டிங் நின்றால் பெக்கிங் நிற்கும். பெக்கிங் நின்றால் கொண்டெய்னர் நிற்கும். கொண்டெய்னர் நின்றால் மெனேஜர் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். அங்கே நடக்கிற உளவியல் முழுவதும் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள நான் பட்டம் எடுத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் எடுத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து மறுபக்கமாக வெளியே வந்த முதல் ஆள் நான். உளவியல் படித்தேன் என்று சொன்னபோது அம்மா பயந்துவிட்டார்.

"பைத்தியத்துக்கு மருந்து குடுக்கிற படிப்பாய்யா?"

"இல்லம்மா. ஆளுங்கள மனசார வேல செய்ய வைக்கிற படிப்பு."

"அதுக்குத்தான் நம்ம கங்காணி இருக்காரே. அவரு ஒண்ணுமே படிக்கலியே."

அம்மாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. எச்.ஆர். உதவியாளர் என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மெனேஜர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம், ட்ரெய்னிங் என்றால் விடமாட்டார். கொழும்பில் எந்த ஹோட்டலில் யார் பேசினாலும் போய்க் கேட்டு, ஒரு பைலும் ஒரு பேனாவும் புதிதாக ஒரு சொல்லும் கொண்டு வருவார். நான் சேர்ந்த வாரம் அவர் கொண்டு வந்திருந்த சொல் 'மோட்டிவேஷன்'.

"தம்பி, உமக்குத்தானே சைக்கொலொஜி தெரியும். சோர்ட்டிங்கில இருக்கிற பெட்டையள் கொஞ்சப் பேர் கிழமையில நாலு நாள் பிந்தி வருகினம். பத்து நிமிசம், கால் மணித்தியாலம். ஏன் சொல்லும் பாப்பம்?"

"தெரியல சேர்."

"மோட்டிவேஷன் இல்லை. அதுதான். கொழும்பில இருந்து ஒரு கோச் வாறார். நீர் அவரோட நிண்டு பழகும்."

ஒரு நோய்க்கு மருந்தை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு நோயாளியைத் தேடுகிற முறையை நான் அன்றுதான் பார்த்தேன்.

2. கோச்

கோச் வந்தார். வயது முப்பதுக்குள். காதோடு ஒட்டிய மைக், கூரான சப்பாத்து. கேன்டீனில் கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார். வட்டமாக உட்கார்ந்தால் மனது திறக்குமாம். சோர்ட்டிங் பெண்கள் இருபது பேரும் கல்யாண வீட்டில் போட்டோவுக்கு இருப்பது போல முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

"ஓகே லேடீஸ்! காலையில உங்கள எழுப்புறது எது?"

"சேவல் சேர்."

"மாமியாரு."

"தகரத்துல வுழுற தண்ணி."

"இல்ல இல்ல, எந்தக் கனவு உங்கள எழுப்புது?"

ஒருத்தி மெதுவாக, "கனவு வந்தா எந்திரிக்க மாட்டோமே சேர்" என்றாள். எல்லோரும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார்கள். கோச்சும் சிரித்தார். ட்ரெய்னிங் நன்றாகப் போகிறது என்று நினைத்துவிட்டார் போல.

அடுத்தது வெள்ளைக் கடுதாசியில் ஐந்து வருசத்துக்குப் பிறகு தங்கள் வாழ்க்கையை வரையவேண்டும். அநேகமாக எல்லோரும் ஒரு வீடு வரைந்தார்கள். பெரிய மேசையின் தலைப்பில் வேலை செய்கிற தனலெட்சுமியக்கா வீட்டுக்குக் கூரையை மட்டும் அழுத்தி அழுத்தி வரைந்திருந்தார்.

"சூப்பர். ஆனா இதெல்லாம் வெளியில இருக்கிற விஷயம். நீங்க உள்ளுக்குள்ள பாக்கணும்."

"உள்ளுக்குள்ளதான் சேர் ஒழுகுது" என்றார் அக்கா.

இந்தத் தடவை கோச் சிரிக்கவில்லை. பைலில் ஏதோ குறித்துக்கொண்டார். அன்று பின்னேரம் மெனேஜருடைய அறையில் அந்தக் குறிப்பு முழு நோயாகிவிட்டது.

"அந்த லேடிக்கு அவசர உணர்வு கம்மி. எல்லாத்தையும் ஜோக்காக்குறாங்க. ஆனா குரூப் அவங்களத்தான் பாக்குது. அவங்கள மாத்துங்க, குரூப் மாறும்."

மெனேஜர் அதற்கு மேல் ஒரு படி போனார். "அவவுக்கு ஏற்கனவே ரெண்டு வோர்னிங் குடுத்தாச்சு. மூண்டாவது குடுத்தா வேலை இல்லை. கடிதம் டைப் பண்ணி வச்சிருக்கிறன், திகதி மட்டும் போடேல்லை. தம்பி, இந்த மாதம் முடிய முதல் அவவைத் திருத்தும். திருந்தினா மிச்சப் பேர் பாத்துத் திருந்துவினம். திருந்தாட்டி அவவை அனுப்புவம், மிச்சப் பேர் பயந்து திருந்துவினம். எப்பிடியோ வெற்றிதான்."

தோற்கவே முடியாத அந்தத் திட்டத்தில் தோற்கக்கூடிய ஒரே ஆள் தனலெட்சுமியக்கா. புருசன் மரத்தில் இருந்து விழுந்து இடுப்பு உடைந்து வீட்டோடு இருக்கிறார். மகள் டவுணில் ஏ.எல். படிக்கிறாள். அந்த வீட்டில் காலையில் கேட்டைத் தாண்டுகிற கால் இரண்டும் அக்காவுடையது.

3. மத்தியானச் சிகிச்சை

கோச் தந்த கையேட்டின்படி, சாப்பாட்டு நேரத்தில் தினமும் அக்காவோடு தனியாக உட்கார்ந்து நான் கேள்வி கேட்கவேண்டும். பதில் சொல்லக்கூடாது. ஆளே தன் பதிலைக் கண்டுபிடிக்கவேண்டும். அருமையான முறை. சம்பளம் வாங்குகிறவர் கேள்வி மட்டும் கேட்டால் போதும்.

"அக்கா, லேட்டா வர்ற நேரம் உங்களுக்கு என்ன தோணுது?"

"வெரசா நடக்கணும்னு தோணும் சேர்."

"அது கால். மனசுல?"

"மனசும் கூடத்தான் சேர் ஓடி வருது. அத மட்டும் தோட்டத்து லய வீட்டுலயா வுட்டுட்டு வர முடியும்?"

"காலையில எத்தன மணிக்கு எந்திரிக்கிறீங்க?"

"நாலு."

கையேட்டில் அடுத்த ஆலோசனை, அரை மணித்தியாலம் முன்னதாக எழும்பச் சொல்வது. நாலுக்கு எழும்புகிற ஆளிடம் அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன், கையேட்டில் இருக்கிறதே.

"எந்திரிக்கலாம் சேர். ஆனா நான் லேட்டில்ல. பஸ்தான் லேட்டு."

இந்த இடத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். கையேட்டில் சிவப்புப் பெட்டி போட்டு எழுதியிருந்தது, குறையை வெளியே தேடுகிறவர்களை மெதுவாக உள்ளே திருப்புக. நான் மெதுவாகத் திருப்பினேன்.

"அக்கா, பஸ்ஸ நம்மால மாத்த முடியாது. நம்மள மாத்தலாம், இல்லியா?"

அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். சொல்ல ஏதோ இருக்கிறது, சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறார் என்று இப்போது விளங்குகிறது. அப்போது அதற்கு நான் வைத்த பெயர் 'எதிர்ப்பு நிலை'. அப்படித்தான் ரிப்போர்ட்டில் எழுதினேன். மெனேஜர் அதன் கீழே கோடு போட்டு 'வெரி குட்' என்று எழுதினார்.

நேரத்துக்கு வந்த நாளுக்கு ஒட்ட மினுங்குகிற நட்சத்திர ஸ்டிக்கரும் கொடுத்தேன். அடுத்த நாள் அவருடைய சார்ட்டில் ஒன்றுமில்லை. மேசையில் வேலை செய்கிற கோகிலா என்ற பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் நாலு நட்சத்திரம் மின்னியது.

"அது அவ மகளுக்கு சேர். கைப்புள்ள. பாத்தா சிரிக்குது."

இதைவிட நல்ல மோட்டிவேஷன் அந்த ஸ்டிக்கருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் கையேட்டில் கைப்பிள்ளைக்கு இடமில்லை.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. நான் மெனேஜருடைய அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் தன் மேசை லாச்சியைத் தட்டிக் காட்டினார். கடிதம் அதற்குள் இருந்தது. நான் கடைசிப் பயிற்சிக்குப் போனேன். அதற்குப் பெயர் 'எனது எல்லை'.

"அக்கா, நீங்க மத்தவங்களுக்காகவே வாழுறீங்க. ஒங்களுக்குன்னு ஒரு முடிவு எடுங்க. ஒங்க நேரத்துக்கு நீங்க மட்டும்தான் பொறுப்பு."

அக்கா சோற்றுப் பெட்டியை மூடினார்.

"அப்ப நான் மட்டும் நேரத்துக்கு வந்தாப் போதுமா சேர்?"

"போதும்."

"மத்தவளுக வரலன்னாலும்?"

"அது அவங்க பொறுப்பு."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"சைக்கொலொஜி அப்படித்தான் சொல்லுதுக்கா."

"சரி. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனார்.

4. வெற்றி

அடுத்த நாள் காலை, ஷிப்ட் மணி அடிக்க முன்னமே தனலெட்சுமியக்கா கேட்டில் நின்றார். கேட்டுக் காவல் பண்டா அங்கிள் நம்பாமல் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். மெனேஜர் கீழே இறங்கி வந்து கை தட்டினார். அக்காவைப் பெனருக்குக் கீழே நிறுத்தி ஒரு படமும் எடுத்து கோச்சுக்கு அனுப்பினோம். மூன்று ராக்கெட் படத்தோடு பதில் வந்தது.

"பாத்தீரோ! மனம் மாறினா எல்லாம் மாறும்" என்றார் மெனேஜர்.

உண்மைதான். சோர்ட்டிங் மேசையும் மாறிப்போயிருந்தது. ஐந்து இடம் காலி. கோகிலாவும், அக்காவோடு அதே தோட்டத்தில் இருந்து அதே பஸ்ஸில் வருகிற இன்னும் நாலு பேரும் வரவில்லை. அவர்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

இரண்டாம் நாளும் அப்படியே. பத்து நிமிசம் பிந்தி வந்துகொண்டிருந்த ஆறு பேரை, நேரத்துக்கு வருகிற ஒருத்தியும் வரவே வராத ஐந்து பேருமாக மாற்றிக் காட்டியிருந்தேன். மிளகு மேசையில் குவிந்தது. பெக்கிங் நின்றது. கொண்டெய்னர் வாயைத் திறந்துகொண்டு முற்றத்தில் கிடந்தது.

கோச்சுக்குப் போன் எடுத்தோம். "நோர்மல்தான். ஒருத்தங்க வளர்ந்தா குரூப் பொறாமைப்படும். அந்த அஞ்சு பேருக்கும் கோச்சிங் குடுங்க. நான் நாளைக்கு ரெண்டு மணிக்கு ரிவியூவுக்கு வாறேன்."

சோர்ட்டிங்குக்குப் போனேன். அக்கா ஐந்து பேருடைய வேலையையும் சேர்த்துத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா, அவங்க ஏன் வரல?"

"அவங்க பொறுப்பு அவங்களுக்கு சேர்."

என்னுடைய வசனம்தான். திருப்பித் தந்தபோது அவ்வளவு நன்றாக இல்லை.

"இல்லக்கா, உண்மையாவே கேக்கிறேன்."

கை நிற்கவில்லை. "கேட்டுத் தெரிஞ்சிக்கிற விசயமில்ல. நாளைக்கு வெள்ளனக் கெளம்பி நம்ம பஸ்ல வாங்க."

5. முதல் பஸ்

அவர்களுடைய பஸ் விடியக்காலையில் மாத்தளையில் இருந்து பாதி வெறுமையாக மேலே போய், இரத்தோட்டையைத் தாண்டித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தடியில் திரும்பி, அதே வழியில் கீழே வரும். நான் மாத்தளையிலேயே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் பளீல் நானா, தாடி நரைத்த மனிதர். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, "ஒபீசர் மகன் எங்க, மேலயா?" என்று கேட்டார். ஆளைப் பற்றி ஆராய்ச்சி என்றேன். "ஆ, நல்லம்" என்று கியர் போட்டார்.

இரத்தோட்டையில் ஒரு அம்மா ஏறினார். கையில் குடையும் சாவிக்கொத்தும். மடுவத்தடியில் பஸ் நின்றதும் அவர்தான் முதலில் இறங்கி, கல்படியில் ஏறி, மேட்டில் இருக்கிற பச்சைக் கதவுக் கட்டடத்துக்குப் போனார். தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா அது. வேலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளைப் பகலுக்கு விட்டுப் போகிற இடம். பூட்டிய கதவுக்கு முன்னால் ஐந்து பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். அதில் ஒருத்தி கோகிலா.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குள் பட்டம் மெதுவாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தது.

பிள்ளைக் காம்பராவைத் திறக்கிற ஆயா வருவது இந்த பஸ்ஸில். தாய்மார் வேலைக்குப் போகவேண்டியதும் இதே பஸ்ஸில். ஆயா மேலே ஏறி, பூட்டைத் திறந்து, ஐந்து பிள்ளைகளையும் வாங்கிக்கொண்ட பிறகு அவர்கள் படி இறங்கி ஓடி வரவேண்டும். அதற்குள் பஸ் திரும்பிக் கிளம்பிவிடும். அவர்கள் நாலுக்கு என்ன, முதல் நாள் பின்னேரமே எழும்பி நின்றாலும் நேரத்துக்கு வர வழியில்லை.

தனலெட்சுமியக்கா தரிப்பில் முதல் ஆளாக நின்றிருந்தார். ஏறி, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டார். பளீல் நானா பஸ்ஸைத் திருப்பிவிட்டுப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"தங்கச்சி, இண்டைக்குமா? கால் எங்க?"

"உள்ள வச்சிருக்கேன் நானா. நான் எனக்கு மட்டும்தான் பொறுப்பாம். இந்த சேர்தான் சொல்லிக் குடுத்தாரு."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கொண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"எந்தக் கால்?" என்று கேட்டேன்.

பளீல் நானாதான் விளக்கினார். "தம்பி, கீழ சந்தியில டைம்கீப்பர் ஒத்தர் ஈக்கிறார். நான் சும்மா நிண்டு ஆளுக்குப் பாத்துக்கொண்டு ஈந்தா ஃபைன். ஆள் ஏறிக்கொண்டு ஈந்தா அது குத்தமில்ல. இந்தத் தங்கச்சி ஒவ்வொரு நாளும் ஒரு கால மிதிபலகையில வைக்கிற, மத்தக் கால ரோட்டுல வைக்கிற. கீழ அந்தப் புள்ளைகள் ஓடி வந்து ஏறுற வரைக்கும் ஏறிக்கொண்டே ஈக்கிற. டைம்கீப்பர் கேட்டா, ஆள் ஏறின எண்டு செல்லுவன். கால் இல்லாட்டி நான் செல்லுறது பொய். காலங்காத்தால பொய் செல்ல எனக்கு ஏலா."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம் ஈக்கும். என்ட மூத்த மகன் கொண்டக்டரா வந்த நாள்ல இருந்து."

பஸ் உறுமியது. மேட்டில் பச்சைக் கதவு திறப்பது தெரிந்தது.

"அக்கா, இத ஏன் நீங்க சொல்லல?" என்று கேட்டேன்.

இந்தத் தடவை அக்கா 'சேர்' என்பதை விட்டுவிட்டார். "சொன்னா என்ன செய்வாங்க தம்பி? கைப்புள்ளக்காரின்னாலே இனி வேலைக்கு எடுக்க மாட்டாங்க. இருக்கிறவளுகளையும் அனுப்பிருவாங்க. நான் லேட்டுன்னா நான் ஒருத்திதான் போவேன். இந்தக் கடைசி லெட்டருக்குத்தான் பயந்துட்டேன். கோகிலாதான் சொன்னா, அக்கா நீ போ, ஒன் மக பரீட்ச முடியட்டும்னு."

பஸ் நகர்ந்தது. கோகிலா ஒரு கையில் செருப்போடு படியில் இறங்கி ஓடி வந்தாள். பின்னால் மற்றவர்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நானா, நிப்பாட்டுங்க!"

"கால் இல்லாம நிப்பாட்ட ஏலா மகன்."

உளவியலில் இந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து முன் வாசலுக்குப் போய், பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, ஒரு காலை மிதிபலகையில் ஊன்றி, அம்மா வாங்கித் தந்த ஒபீஸ் சப்பாத்து போட்ட மற்றக் காலைச் சேற்றில் வைத்தேன். பஸ் ஒரு குலுக்கலோடு நின்றது. பளீல் நானா திருப்தியாகக் கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்தார். "ஆள் ஏறுது, ஆள் ஏறுது" என்று கொண்டக்டர் யாருக்கோ கத்தினான். சுற்றி ஒருவருமில்லை. பழக்க தோசம்.

ஐந்து பேரும் ஏறினார்கள். கோகிலா மூச்சு வாங்கிக்கொண்டே என் காலைப் பார்த்தாள். "சேர், அப்படி இல்ல. குதிங்காலத் தூக்கிக்கிட்டு நிக்கணும். அக்காவக் கேளுங்க, காட்டித் தருவாங்க."

6. ரெண்டு மணி ரிவியூ

கேட்டில் பண்டா அங்கிள் சிரித்தார். "அத ஒயாத் பரக்குத மல்லி?" இன்றைக்கு நீயுமா லேட்டு தம்பி என்று அர்த்தம். விரல் வைக்கிற மெசின் எச்.ஆர். என்றும் பார்க்காமல் என் பெயரைச் சிவப்பில் காட்டியது. எனக்குப் பின்னால் ஆறு பேரும் சிவப்பு. அதில் ஒருவருக்கு அது வெறும் நிறமில்லை.

மெனேஜர் லாச்சியைத் திறந்தார். "தம்பி, பின்னேரத்துக்கு முதல் இதில திகதியைப் போட்டுத் தனலெட்சுமியிட்டக் குடும். நீரும் பிந்திப்போனீர். உம்மைப் பிறகு பாக்கிறன்."

"சேர், சோர்ட்டிங் ஷிப்ட்டக் கால் மணித்தியாலம் தள்ளித் தொடங்கி, தள்ளி முடிச்சா..."

"அதை அவையளே ரெண்டு வருசத்துக்கு முதல் வந்து கேட்டவை. ஏலாதெண்டு சொல்லிப்போட்டன். இண்டைக்குக் கால் மணித்தியாலம் எண்டுவினம், நாளைக்கு அரை எண்டுவினம். அது மோட்டிவேஷன் இல்லாத ஆக்களின்ர கதை."

கடிதத்தை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். பிள்ளைக் காம்பரா என்று வாய் திறந்தால் ஐந்து பேருக்கும் சேர்த்துக் கடிதம் டைப் பண்ணச் சொல்வார். தமிழில் கேட்டதை அவர் இரண்டு வருசத்துக்கு முன்னமே மறுத்துவிட்டார். மிஞ்சியிருந்தது ஒரே வழி, கோச்சின் பாஷை. சாப்பிடாமல் உட்கார்ந்து ஸ்லைட் செய்தேன்.

ரெண்டு மணிக்கு கோச்சும் மெனேஜரும் முன்னால் இருக்க, முதல் ஸ்லைடைப் போட்டேன். 'அங்கர் பிஹேவியர்: ஒரு கள ஆய்வு.' பஸ் மிதிபலகையில் ஒரு கால், ரோட்டில் ஒரு கால். திரும்பி வரும்போது அக்காவை நிற்கச் சொல்லி நான் எடுத்த படம்.

"இந்த நபர் குழுவுக்கு நங்கூரம். தன்னோட தனிப்பட்ட இலக்கத் தள்ளி வச்சு, முழு டீமையும் ஒண்ணா உள்ள கொண்டு வர்றாங்க. இவங்களத் தனியாப் பிரிச்சா டீமே உடையுது. போன ரெண்டு நாளும் அதுக்கு ஆதாரம். அதனால ஒரு ஸ்டெகர்ட் என்ட்ரி பைலட் செஞ்சு பாக்கலாம். அங்கர் குரூப்புக்கு மட்டும் பதினஞ்சு நிமிசம் தள்ளித் தொடங்கி, தள்ளி முடிக்கிறது."

ஒரு பஸ்ஸில் ஏன் காத்திருக்கிறார்கள் என்று இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று பயந்து பதில் தயாரித்து வைத்திருந்தேன். வீணாகிப்போனது.

கோச் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். "ப்ரோ! இது நீங்களே டெவலப் பண்ணின மொடலா? வாவ். ஷெயார்ட் ஓனர்ஷிப்! மிஸ்டர் சிவநேசன், இதுதான் நான் முதல் நாளே சொன்னது."

"ஓமோம். இதைத்தானே நானும் இவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்றார் மெனேஜர். "அப்ப அந்தக் கடிதம்?"

"நோ நோ. அங்கரைக் கழட்டினா கப்பல் போயிரும்."

மெனேஜர் என் கையில் இருந்து கடிதத்தை வாங்கினார். திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், கோச்சுக்குத் தேத்தண்ணியோடு ரோல்ஸா பற்றிஸா வேண்டும் என்று கேட்டு எழுதி, கேன்டீனுக்குக் கொடுத்து அனுப்பினார். தனலெட்சுமியக்காவின் வேலை அன்று தப்பியது அப்படித்தான். பற்றிஸ் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. யாருக்கும் வோர்னிங் கொடுக்கவில்லை.

7. படித்தது

அடுத்த திங்கட்கிழமையில் இருந்து அங்கர் குரூப் கால் மணித்தியாலம் தள்ளி வந்து, தள்ளிப் போகிறது. அதற்குப் பிறகு ஒருவரும் பிந்தவில்லை. கொண்டெய்னரும் போய்விட்டது. ஐந்து தாய்மாரும் இப்போது வேலையில் நிரந்தரம், அதனால்தான் இதை எழுதுகிறேன். பெனர் இன்னும் தொங்குகிறது. மழையில் 'உன் மனதில்' என்பது கரைந்து 'நேரம் இருக்கிறது' என்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்படியே விடலாம் என்று நான்தான் சொன்னேன்.

கோச் இந்த மொடலை மற்ற இடங்களுக்கும் கொண்டு போய்விட்டார். போன மாதம் மெனேஜர் கொழும்புக்கு ஒரு வேர்க்ஷொப்புக்குப் போய்ப் படத்தோடு வந்தார். பெரிய ஹோட்டல் மண்டபம். டை கட்டிய மெனேஜர்மார் வரிசையாக, ஒரு காலை மரப்படியில் வைத்து, ஒரு காலைக் கம்பளத்தில் வைத்து, முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் சிவநேசன் சேர் நடுவில். வரப்போகிற பஸ் எது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

எச்.ஆர். படிக்கிற தம்பி தங்கைகளே, நான் சொல்ல இருக்கிறது கொஞ்சம்தான். ஒருத்தர் ஏன் பிந்துகிறார் என்று அவருடைய மனதுக்குள் இறங்கித் தேட முன், அவர் வருகிற பஸ்ஸில் ஒரு தடவை போய் வாருங்கள். மனது எங்கேயும் போகாது, வந்து பார்க்கலாம். பஸ் போய்விடும். அங்கே கண்டதை ஒபீசில் சொல்ல வேறு பாஷை வேண்டியிருந்தால் அதையும் படித்து வையுங்கள். வெட்கமான வேலைதான். ஆனால் ஆறு பேர் வேலையில் இருக்கிறார்கள்.

கோச்சின் புதுக் கையேடு வந்ததும் ஒன்றைக் கொண்டு போய்த் தனலெட்சுமியக்காவிடம் காட்டினேன். அட்டைப்படமே அவருடைய கால்தான். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். கையில் இருந்த மிளகுத் தூசியைத் துடைத்துவிட்டு வாங்கி, அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"என்னா தம்பி இது. வெடிப்பெல்லாம் தெரியுது. படம் எடுக்கிறேன்னு முதல் நாளே சொல்லியிருந்தா வேற செருப்புப் போட்டுக்கிட்டு வந்திருப்பேன்ல?"

"நீங்க பிரபலமாயிட்டீங்கக்கா. கொழும்புல எல்லாரும் இப்படித்தான் நிக்கிறாங்க."

அக்கா மெனேஜர்மார் நிற்கிற பக்கத்தைப் புரட்டி, ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"பாவம். இவங்க யாருக்காகத் தம்பி நிக்கிறாங்க?"

கையேட்டை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தேன். அது மட்டும் அதில் இல்லை.